கொட்டின மண்ணா, வெட்டின மண்ணா?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் சரிவில் வீடோ மனையோ வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பட்டா, வில்லங்கச் சான்று, பாதை உரிமை பற்றியெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கும் சொன்னார்கள், வக்கீல் வைத்து எல்லாம் பார்த்துத்தான் வாங்கினேன். காலுக்குக் கீழே இருக்கிற மண் எங்கிருந்து வந்தது என்று கேட்கச் சொல்லித்தான் ஒருவரும் சொல்லவில்லை. அதில் கையை விட்டுப் போனது சுமார் 11 லட்சம் ரூபாய். கணவர் மஸ்கட்டில் வேலை. இங்கே நான், மாமியார், எட்டாவது படிக்கிற மகள். அவர் போனில் தைரியம் சொல்லலாம், மழையில் தார்ப்பாய் பிடிக்க முடியாதில்லையா? அந்த வேலை எல்லாம் என் தலையில்தான்.

வீட்டை விற்றவர் எங்களை மேல் ரோட்டிலிருந்துதான் கூட்டிப் போனார். கோத்தகிரியிலிருந்து கொஞ்ச தூரம், 8 சென்ட், பின்னால் மண் மேடு, நடுவில் வீடு, முன்னால் அழகான முற்றம், முற்றத்தின் ஓரத்தில் கருங்கல் தடுப்புச் சுவர், அதற்குக் கீழே தேயிலைத் தோட்டம். முற்றம் முழுக்க ரோஜாவும் ஹைட்ரேஞ்சியாவும். என் மாமியார் செடிப் பைத்தியம். குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பார்த்தார். விரலிடுக்கில் அப்படியே உதிர்ந்தது. "நல்ல இளக்கமான மண்ணுங்கம்மா, குச்சிய ஒடிச்சு நட்டாக்கூட துளிர்க்கும்" என்றார் விற்றவர். அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. செடிக்காரருக்கு மண் பொலபொலவென்று இருந்தால் வரம். வேர் ஓடும், தண்ணீர் உள்ளே இறங்கும். வீடு கட்டுகிறவருக்கு அந்த இளக்கமும் உள்ளே இறங்குகிற தண்ணீரும்தான் ஆபத்து என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. வீட்டுக் கடன் கொடுத்த வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, "செம்மண்" என்று ஒரு வார்த்தை எழுதிக்கொண்டு போனார். அவ்வளவுதான்.

முதல் ஐப்பசி ஒழுங்காகப் போனது. இரண்டாவது ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் ஆனி, ஆடி மழைதான் பெரிது. எங்கள் கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழைக்குத்தான் பயப்பட வேண்டும். 1978, 1979 சரிவுகளை ஊர்ப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனார்கள். இதெல்லாம் தெரிந்துதான் இருந்தது. ஆனால் நம் முற்றத்துக்கு வரும்போது அதன் முகம் வேறாக இருக்கிறது. முதலில் கேட்டின் கொண்டி விழவில்லை. துரு என்று நினைத்து எண்ணெய் விட்டேன். அடுத்து, முற்றத்தில் சுவரிலிருந்து ஆறேழு அடி தள்ளி, வளைவாக, தலைமுடி அகலத்தில் ஒரு விரிசல். இரண்டு நாளில் அதற்குள் என் சுண்டுவிரல் போனது. வெளியே சுற்றிப் போய்ப் பார்த்தால் சுவர் நடுவில் தொந்தி போட்டிருந்தது.

இதைப் படிக்கிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். சரிவில் வளைவான விரிசல் வந்தால் அது வெயிலில் தரை வெடிக்கிற விரிசல் மாதிரி இல்லை. நகரப்போகிற மண்ணின் மேல் விளிம்பு அதுதான். அதைச் சிமெண்ட் பூசி மறைக்காதீர்கள். களிமண்ணைத் திணித்து மூடி, மேலே தார்ப்பாய் விரித்து, மேட்டிலிருந்து வருகிற தண்ணீரைச் சின்ன வாய்க்கால் வெட்டிப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். உள்ளே தண்ணீர் போகாமல் தடுப்பதுதான் அந்த நேரத்தில் நம்மால் ஆகிற ஒரே வேலை. ஒரு கன மீட்டர் ஈர மண் ஏறக்குறைய இரண்டு டன் கனம். கனம் மட்டுமில்லை, மண் துகள்களுக்கு நடுவே புகுந்த தண்ணீர் அவற்றை ஒன்றை ஒன்று பிடிக்க விடாமல் தள்ளுகிறது. கதவு சிக்குவது, மின்கம்பமோ சில்வர் ஓக் மரமோ சாய்வது, தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிகிற குழாயில் கலங்கலாக வருவது, வந்துகொண்டிருந்த தண்ணீர் திடீரென்று நிற்பது, இவற்றில் எதைப் பார்த்தாலும் 1077-க்குப் போன் செய்யுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் அது. நான் செய்தேன். வருவாய்த் துறையிலிருந்து சாயங்காலமே ஆள் வந்து பார்த்துவிட்டு, "ராத்திரி இங்க படுக்காதீங்கம்மா" என்றார்கள். பஜார் பக்கம் ஒரு ரூமுக்குப் போனோம். மாமியார் சாமி படத்தையும் மாத்திரை டப்பாவையும் மட்டும் எடுத்துக்கொண்டார். மகள் அவளுடைய பள்ளிப் பையை மறந்து, பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் விடியற்காலை சுவரும் முற்றத்தில் பாதியும் போய்விட்டன. அதே மழையில், வீட்டுக்குப் பின்னாலிருந்த மண் மேட்டிலிருந்து ஒரு பகுதி வழுக்கி வந்து குளியலறைச் சுவரை உடைத்துவிட்டது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இந்த இரண்டும் வேறு வேறு என்பதுதான் பின்னால் எனக்குக் கைகொடுத்தது. அன்றைக்கு எனக்கு அது எதுவும் தோன்றவில்லை. அழுகைகூட வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியாத எரிச்சல்.

கீழ்த்தோட்டக்காரர் வந்தார். படகர், எழுபது வயது இருக்கும். அவருடைய தேயிலைச் செடிகள் முப்பது நாற்பது எங்கள் மண்ணுக்கடியில். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டே, "இங்க முன்னால பெரிய பள்ளம் இருந்ததும்மா. அந்த ரோட்டு வேலை நடந்தப்ப லாரி லாரியா மண்ணக் கொண்டாந்து கொட்டினாங்க. அதுக்கு மேலதான் உங்க வாசல்" என்றார். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் என்னக் கேக்கலியே" என்றார். நியாயம்தான். விற்கிறவர்கள் மேல் வழியாகத்தான் கூட்டிப் போவார்கள். சரிவில் இடம் பார்க்கும்போது கீழே இறங்கிப் போய், அங்கிருந்து அண்ணாந்து பாருங்கள். கீழே இருக்கிறவரிடம் பேசுங்கள். மேல்வீட்டுக்காரருக்கு உங்கள் மண்ணைப் பற்றித் தெரியாது, கீழ்வீட்டுக்காரர் மழை பெய்கிற ராத்திரியெல்லாம் அதைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டு படுத்திருப்பார்.

மலையில் சமதளம் என்று ஒன்று இயற்கையாகக் கிடைப்பது அபூர்வம். ஒருபக்கம் வெட்டி, வெட்டின மண்ணை மறுபக்கம் கொட்டித்தான் மனை உண்டாக்குகிறார்கள். வெட்டின பக்கத்துத் தரை ஆயிரமாயிரம் வருஷமாக அங்கேயே இருந்த மண். நம் மலையின் அடிப்பாறை சார்னோகைட் என்கிற கருங்கல். அது மக்கி மக்கித்தான் இந்தச் செம்மண் ஆகியிருக்கிறது, சில இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்கு. அது கொஞ்சமாவது தன்னைத் தானே பிடித்துக்கொண்டிருக்கும். கொட்டின மண்ணுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. முறையாகச் செய்தால், சரிவில் படி வெட்டி, புல்லையும் வேரையும் அகற்றி, 20 சென்டிமீட்டர் அடுக்கு அடுக்காகக் கொட்டி, ஈரம் பார்த்து, ஒவ்வொரு அடுக்கையும் இடித்து இறுக்க வேண்டும். எங்கள் முற்றத்தில் லாரியைப் பின்னால் எடுத்துச் சாய்த்துவிட்டுப் போனதோடு சரி.

கொட்டின மண்ணைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஒரு கடப்பாரையை எடுத்து, முற்றத்தில் நாலு இடத்தில் குத்திப் பாருங்கள். வீட்டுக்குப் பின்பக்கம் அரையடிக்கு மேல் இறங்காதது, முன்பக்கம் கை அழுத்தத்திலேயே இறங்கினால் அது கொட்டினதுதான். இரண்டடி தோண்டினால் செங்கல் துண்டு, சிமெண்ட் சாக்கு, பிளாஸ்டிக் கவர் கிடைக்கும். எங்கள் முற்றம் இடிந்த முகத்தில் ஒரு பால் பாக்கெட் கவர் தொங்கிக்கொண்டிருந்தது, வீட்டுக்கு வந்த முதல் சாட்சி அதுதான். ஓரத்தில் பழைய மரம் இருந்தால் அதன் அடியைப் பாருங்கள். மரத்தின் அடித்தண்டு வேர்ப் பக்கம் விரிந்து மண்ணுக்குள் போக வேண்டும், கம்பம் நட்டது போல நேராக இறங்கினால் பாதி மரம் புதைந்திருக்கிறது என்று அர்த்தம்.

தடுப்புச் சுவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் சுவரில் வரிசையாகப் பிவிசி குழாய்கள் தெரியும். மண்ணுக்குள் சேருகிற தண்ணீர் வெளியே வடிவதற்கு. அதைப் பார்த்துத்தான் எங்களுக்கு நம்பிக்கையே வந்தது. இடிபாட்டை அள்ளும்போது மேஸ்திரி ஒரு குழாயை உருவி என் கையில் கொடுத்தார். அரையடிதான் நீளம். சுவர் ஒன்றரை அடி. "வெளிய தெரியறதுக்கு சொருகி வெச்சிருக்காங்கக்கா, உள்ள முழுக்க சிமெண்டு" என்றார். எத்தனை குழாய் உருவினாலும் அதே கதை. ஆகவே சுவரில் குழாய் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். நீளமான கம்பியை விட்டுப் பாருங்கள். சுவரின் முழுக் கனத்தையும் தாண்டிப் போய், பின்னால் ஜல்லியில் இடிக்க வேண்டும். குழாய்க்குப் பின்னால் ஜல்லி இல்லாமல் வெறும் மண் இருந்தால் இரண்டு மழையில் அடைத்துக்கொள்ளும். முடிந்தால் மழை பெய்து முடிந்த மறுநாள் போய்ப் பாருங்கள், வேலை செய்கிற குழாய் சொட்டிக்கொண்டிருக்கும். அதோடு செப்டிக் டேங்கின் உறிஞ்சு குழி எந்தப் பக்கம் என்று கேளுங்கள். எங்களுடையது சுவரிலிருந்து பத்தடியில், அதே கொட்டின மண்ணில் இருந்தது. வருஷம் முழுக்க நாங்களே அந்த மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்.

மண்ணை அள்ள நினைத்த மாதிரி உடனே முடியவில்லை. நீலகிரியில் ஜேசிபி போன்ற இயந்திரங்களை நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் இறக்கக் கூடாது. சரியான சட்டம்தான், நம் அவசரத்துக்குத்தான் அது தெரிவதில்லை. மனு, கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை, போட்டோ எல்லாம் கொடுத்துக் காத்திருந்த நேரத்தில் இன்னொரு மழை வந்து இன்னும் கொஞ்சம் இறங்கியது. கடைசியில் பெரும்பகுதி ஆட்களை வைத்துத்தான் அள்ளினோம். மனுவில் என்ன வேலை, எவ்வளவு மண், எங்கே கொண்டுபோய்ப் போடப் போகிறீர்கள் என்பதை முதலிலேயே எழுதிவிட்டால் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

ஒப்பந்தக்காரர் யூனிட் கணக்கில் பேசினார். நம் ஊரில் ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. மண் போன குழியை நானும் மகளும் டேப் பிடித்து அளந்தோம். 28 யூனிட் வந்தது. பில்லில் 37 யூனிட். ஏமாற்றுகிறார் என்று கொதித்துப்போய்க் கேட்டேன். "அது கெட்டி அளவு மேடம், வண்டில ஏத்தறது லூஸ் அளவு" என்றார். விசாரித்தால் அதுவும் உண்மைதான். மாவு டப்பாவில் கொட்டும்போது நிறைந்து, தட்டினால் இறங்குகிறதே, அது போல, வெட்டி எடுத்த மண் காற்றைச் சேர்த்துக்கொண்டு இருபது, முப்பது சதவீதம் உப்பிவிடும். அள்ளும்போது கூடுதல் யூனிட்டுக்குக் காசு. திரும்ப நிரப்பி இடித்து இறுக்கும்போது அதே மண் சுருங்கும், அப்போதும் கூடுதல் லோடுக்குக் காசு. யூனிட் 2,400 ரூபாய் வீதம், "லூஸ்" என்கிற அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் 21,600 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன். பேசும்போதே "இடத்தில் அளந்த அளவா, வண்டியில் ஏற்றின அளவா" என்று கேட்டு, பேப்பரில் எழுதி வாங்குங்கள்.

இனி இன்சூரன்ஸ். வீட்டுக் கடனோடு சேர்த்து எடுத்த வீட்டுப் பாலிசி இருந்தது. 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கிற பாரத் கிருக ரக்ஷா பாலிசிதான். நிலச்சரிவு அதில் உண்டு, தடுப்புச் சுவரும் வீட்டின் பகுதியாகவே சேர்த்தி. தைரியமாக மனு போட்டேன். சேதத்தை மதிப்பிடுகிற இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார், அந்தப் பால் கவரையும் போட்டோ எடுத்தார், "லூஸ் ஃபில்", அதாவது இறுக்காமல் நிரப்பின மண், என்று முணுமுணுத்துக்கொண்டே குறித்தார். சில வாரத்தில் கடிதம்: செயற்கையாக உருவாக்கப்பட்ட தரையின் நகர்வு பாலிசியில் சேராது, ஆகவே ஒன்றும் கிடையாது. பாலிசியை எடுத்துப் படித்தேன். அந்த விதிவிலக்கு இருக்கத்தான் செய்கிறது. புதுக் கட்டடம் இயல்பாக அமர்வது, நிரப்பின தரை நகர்வது, கட்டுமானக் கோளாறு, தோண்டும் வேலையால் வருகிற சேதம், இதெல்லாம் வெளியே. மலைப் பகுதியில் பாலிசி எடுக்கும் எல்லாரும் இந்த ஒரு பத்தியை எடுக்கும்போதே படித்துவிடுங்கள்.

முன்பக்கம் நிரப்பின தரை, ஒத்துக்கொள்கிறேன். பின்பக்கம் வழுக்கி வந்தது மலையின் சொந்த மண்ணாயிற்றே, அதற்கும் சேர்த்து எப்படி மறுக்கலாம்? இதைக் கேட்டு எழுதினால் அதே கடிதம் திரும்ப வந்தது. அப்போதுதான் கோயம்புத்தூரிலிருந்து மண் பரிசோதனை செய்கிறவரை வரவழைத்தேன். 38 ஆயிரம் ரூபாய். அந்தச் சமயத்தில் அது தண்டம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். மூன்று கால் வைத்த கருவியை நிறுத்தி, 63.5 கிலோ எடையைச் சரியாக 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்பப் போட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை தடவை போட வேண்டியிருக்கிறது என்று எண்ணுகிறார்கள். மணற்பாங்கான மண்ணில் அந்த எண்ணிக்கை 4-க்குக் கீழே இருந்தால் மிகவும் லூஸ், 10 வரை லூஸ், 10-க்கு மேல் 30 வரை நடுத்தரம். முன்பக்கத்தில் எங்களுக்கு வந்தது 3. பின்பக்க மேட்டில் மேலேயே 20-ஐத் தாண்டியது. அவ்வளவு காலமாக ஆளாளுக்கு இளக்கம், லூஸ் என்று வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டிருந்ததற்கு முதல் தடவையாக ஒரு எண் கிடைத்தது. அறிக்கையில் இன்ன ஆழம் வரை நிரப்பின மண், அதற்குக் கீழே இயற்கை மண் என்றும் தனித்தனியாக எழுதிக் கொடுத்தார்கள். வீடு வாங்கும் முன் ஒருவர் இதைச் செய்தால் விலை பேசவே அது போதும்.

அந்த அறிக்கையோடு சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது நிறுவனங்கள் மேல் வருகிற புகார்களை விசாரித்து உத்தரவு போடுகிற அதிகாரியிடம், போனேன். முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஒப்பாவிட்டாலோ ஒரு வருஷத்துக்குள் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் கிடையாது, நாமேதான் பேச வேண்டும். எனக்கு வயிறு கலங்கியது. பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி, முன்பக்கப் போட்டோ ஒரு கட்டு, பின்பக்கப் போட்டோ ஒரு கட்டு என்று தனியாகக் கட்டி வைத்திருந்தேன். இடிபாட்டை அள்ளுவதற்கு முன்பே, டேப் தெரிகிற மாதிரி எடுத்த போட்டோக்கள் அவை. தேதியோடு எடுத்து வையுங்கள். சுத்தம் செய்த பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. முன்பக்கத்துக்கு ஒன்றும் இல்லை என்று ஆனது. பின்பக்கச் சேதத்துக்குக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பழுதுபார்க்க ஆன 1 லட்சத்து 90 ஆயிரத்தில் 1 லட்சத்து 65 ஆயிரம் கைக்கு வந்தது.

புதுச் சுவர் கம்பி வலைக் கூடைக்குள் கருங்கல் அடுக்கின சுவர், ஆறரை லட்சம். தண்ணீர் தானாக வடியும், கொஞ்சம் அசைந்தாலும் ஒரேயடியாக விழாது. தை மாதத்துக்குப் பிறகுதான் வேலை தொடங்கினோம். ஈர மண்ணில் அஸ்திவாரம் தோண்டினால் மேலிருப்பதும் சேர்ந்து வரும் என்று பொறியாளர் பிடிவாதமாக நிறுத்திவிட்டார். அதுவரை பஜாரில் வாடகை. கீழ்த்தோட்டக்காரருக்குப் புதைந்த செடிகளுக்காக 60 ஆயிரம் கொடுத்தேன். நம் மண் அடுத்தவர் இடத்தில் விழுந்து ஆகிற சேதத்துக்கு இந்த வீட்டுப் பாலிசியில் இடமில்லை, அதற்குத் தனிக் காப்பு வேண்டும் என்பதை அப்போதுதான் ஏஜென்ட் சொன்னார். பணத்தை வாங்கிக்கொண்டு பெரியவர், புதுச் சுவரின் அடியில் வெட்டிவேர் நடச் சொன்னார். நாற்றும் அவரே கொடுத்தார்.

உறிஞ்சு குழியை இப்போது வெட்டின பக்கத்துக்கு மாற்றியாயிற்று. முற்றத்தில் ரோஜா தொட்டியில்தான் இருக்கிறது, மாமியாருக்கு அதில் வருத்தம்.